மோட்டார்கள் நின்ற நேரம்

போன தை மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் என் தங்கையின் பேத்தி நர்மதா பக்கத்து இலையில் உட்கார்ந்தாள். வடக்கே ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. என்ன வேலை என்று கேட்டால் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சொல்லத் தெரியாது. "லேசர்ல என்னமோ செய்யுதா" என்பதோடு நின்றுவிடும். எக்ஸ்ரே எடுத்தே முப்பத்துச் சொச்சம் வருஷம் ஓட்டியவன் என்பதால் எனக்கு மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொன்னாள். எலெக்ட்ரான்களை வேகமாக ஓட விடுவதற்கு இதுவரை தெரு நீளத்துக்கு எந்திரம் கட்டிக்கொண்டிருந்தார்களாம். இப்போது கொஞ்சம் வாயுவுக்குள் லேசர் வெளிச்சத்தைப் பாய்ச்சினால் அது பிளாஸ்மா என்ற ஒன்றாக மாறி அலை எழுப்புமாம். அந்த அலையில் ஏறிக்கொண்டு எலெக்ட்ரான்கள் ஒரு விரற்கடைத் தூரத்துக்குள் அதே வேகத்தைப் பிடித்துவிடுகின்றனவாம். எந்திரம் ஒரு அறைக்குள் அடங்கிவிடுமாம்.

"அப்போ காரியம் முடிஞ்சுதுல்லா" என்றேன்.

"எங்க தாத்தா. வேகமெல்லாம் வந்துட்டு. ஆனா ஒரு தடவை வந்த மாதிரி மறு தடவை வர மாட்டேங்குது. ஒண்ணு பலமா வருது, ஒண்ணு சோனியா வருது, ஒண்ணு ஒதுங்கிப் போயிருது. அதை ஒரே மாதிரி வர வைக்கதுதான் இப்போ எங்க எல்லாருக்கும் வேலை."

கையில் எடுத்த சோறு இலையில் விழும்படி சிரித்துவிட்டேன். கேலி செய்கிறேன் என்று நினைத்து அவள் முகம் சுண்டிப்போனது. கேலி இல்லை, சந்தோஷம். அவள் இன்றைக்கு லேசரை வைத்துக்கொண்டு படும் பாட்டை நான் தென்காசியில் ஒரு பழைய எக்ஸ்ரே எந்திரத்தை வைத்துக்கொண்டு பட்டிருக்கிறேன். என்ன ஏது என்று அவள் விடாமல் கேட்டாள். பாயசம் வருவதற்குள் சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால் எழுதித் தருகிறேன் என்றேன். இதோ எழுதிவிட்டேன்.

எழுபதுகளின் நடுவில் மதுரையில் ஒரு வருஷம் எக்ஸ்ரே படிப்பு படித்தேன். அந்த வருஷத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்தேன், மெஸ் சாப்பாட்டைத் திட்டினேன், பாஸ் ஆனேன். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில், வீடுகள் முடிந்து வயலும் தோட்டமும் தொடங்குகிற இடத்தில், ஒரு அறக்கட்டளை நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. நெஞ்சு வியாதிக்காரர்கள்தான் அதிகம் வருவார்கள். எக்ஸ்ரே அறையில் நாங்கள் மூன்று பேர்: டாக்டர் தங்கம்மாள், இருட்டறையில் பிலிம் கழுவும் மரியசிலுவை அண்ணாச்சி, நான்.

டாக்டரம்மா செங்கோட்டைக்காரர். பேச்சில் அங்கங்கே மலையாளம் தலை நீட்டும். படம் பார்ப்பதற்கு அவருக்கு ஒரு முறை உண்டு. முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜை மேல் வைப்பார். பிறகு பிலிமை இரண்டு விரல் நுனிகளால் ஓரத்தில் பிடித்து, விளக்குப் பெட்டியில் தலைகீழாக மாட்டுவார். நேராக மாட்டினால் தான் எதிர்பார்ப்பதுதான் கண்ணில் படும் என்பார். தலைகீழாகப் பார்த்து முடித்த பிறகுதான் நேராகத் திருப்புவார். படம் நன்றாக இருந்தால் "மதி" என்று ஒரு சொல். மலையாளத்தில் போதும் என்று அர்த்தம். அதற்கு மேல் ஒரு பாராட்டு அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. பெருக்குகிற அம்மா உட்பட எல்லோரையும் "நீங்க" என்றுதான் அழைப்பார். கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். "சண்முகவேல் அவர்களே" என்று தொடங்கினால் அன்றைக்கு நான் ஒளிய இடம் தேட வேண்டியதுதான்.

சேர்ந்த அன்றைக்கு என்னை எந்திரத்தின் முன்னால் நிறுத்தினார். எக்ஸ்ரே குழாய்க்குள் ஒரு கம்பி சூடாகிறது, அதிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பி மின்சாரத்தின் இழுப்பில் பாய்ந்து எதிரே உள்ள உலோகத்தில் மோதுகின்றன, மோதிய இடத்திலிருந்து எக்ஸ்ரே வருகிறது. மதுரையில் படித்த அதை அப்படியே ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"சரிதான். ஆனா அது எவ்வளவு பலமா பாயுதுன்னு நீங்க கவலைப்பட வேண்டாம், கேட்டோ. நேத்து பாய்ஞ்ச மாதிரியே இன்னைக்கும் பாயுதான்னு மட்டும் பாருங்க. இங்கன வாரவங்க ஒரே படத்தோட போறவங்க இல்ல. மாசக்கணக்கா மருந்து சாப்பிட்டுட்டு மறுபடி வருவாங்க. பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு நான் பாக்கணும். மாறினது ஆளா, எந்திரமான்னு எனக்குத் தெரியணும்."

அதைத் தெரிந்துகொள்ள ஒரு சாமான் வைத்திருந்தார். தென்காசியில் ஒரு பாத்திரக்கடைக்காரரிடம் சொல்லி அலுமினியத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றும் கீழே உள்ளதைவிடக் கொஞ்சம் குட்டையாக அடுக்கி, ஆணி அடித்து வாங்கியது. உள்ளங்கை நீளம். பத்துப் படிகள் கொண்ட ஒரு குட்டிப் படிக்கட்டு. நாங்கள் அதைப் படி என்றே சொல்வோம். காலையில் முதல் நோயாளியைக் கூப்பிடுவதற்கு முன்னால், ஒரு துண்டு பிலிமின் மேல் படியை வைத்து ஒரு தடவை எக்ஸ்ரே பாய்ச்ச வேண்டும். தூரம், நேரம், குமிழ்களின் எண் எல்லாம் தினமும் ஒன்றே. அண்ணாச்சி டெவலப்பர் தண்ணீரின் சூட்டைப் பார்த்து, கடிகாரத்தை வைத்து ஐந்து நிமிஷம் கழுவுவார். வெளியே எடுத்தால் கறுப்பிலிருந்து வெளுப்பு வரைக்கும் பத்துக் கட்டங்கள் கொண்ட ஒரு பட்டை. அதை நேற்றைய பட்டைக்குப் பக்கத்தில் சுவரில் தொங்கவிட்டு, கட்டத்துக்குக் கட்டம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். நேற்றைய நாலாவது படியின் நிறம் இன்றைக்கு மூன்றாவது படியில் இருந்தால் எலெக்ட்ரான்கள் இளைத்துவிட்டன என்று அர்த்தம்.

நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் முப்பது நாள் என்னைப் படியை மட்டும் படம் எடுக்க வைத்தார். முப்பத்தோராவது நாள் சுவரைப் பார்த்து "மதி" என்றார்.

எந்திரத்தின் மேஜையில் ஒரு மீட்டர் உண்டு. அதன் ஊசி சிவப்புக் கோட்டில் நின்றால் மின்சாரம் சரியான அளவில் வருகிறது என்று பொருள். கீழே இறங்கியிருந்தால் ஒரு குமிழைத் திருகிக் கோட்டுக்குக் கொண்டுவரலாம். எங்கள் ஆஸ்பத்திரியோ நீண்ட கம்பியின் கடைசியில் இருந்தது. வழியெல்லாம் கிணற்று மோட்டார்கள். அவை ஓடினால் ஊசி இறங்கும், நின்றால் ஏறும். இதிலிருந்து அண்ணாச்சியும் நானும் ஒரு பெரிய சாஸ்திரத்தைக் கண்டுபிடித்தோம். சாரல் பிடித்து மழை பெய்தால் தோட்டக்காரர்கள் மோட்டாரை நிறுத்துவார்கள், ஊசி ஏறும். சாரல் பிடித்தால் அருவியில் தண்ணீர் விழும். ஆகவே ஊசி ஏறினால் அருவியில் தண்ணீர்.

அண்ணாச்சி இதை டீக்கடையில் அவிழ்த்துவிட்டார். அவ்வளவுதான், ஆனி ஆடி மாதங்களில் எங்கள் அறைக்கு வியாதி இல்லாதவர்களும் வரத் தொடங்கினார்கள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "சம்முவம், ஊசி என்ன சொல்லுது? குளிக்கப் போலாமா?" என்று கேட்பார்கள். ராயகிரியிலிருந்து வேன் பிடித்து வந்த ஒரு கூட்டம் சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு, எண்ணெய்க் கிண்ணமும் கையுமாக வந்து கேட்டுவிட்டுப் போனது. நானும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஊசியைப் பார்த்து, மெயினருவியில் கூட்டம் இருக்கும், ஐந்தருவிக்குப் போங்கள் என்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டேன். பத்துக்கு எட்டுத் தடவை பலித்தது. பலிக்காத இரண்டை யாரும் வந்து சொல்லவில்லை, நானும் விசாரிக்கவில்லை. டாக்டரம்மாவுக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை, "ஊசிய ரொம்ப நம்பாதீங்க சண்முகம். அது சும்மா நிக்கும்போது எடுத்த அளவு" என்றார். அது எனக்கு மண்டையில் ஏறவில்லை.

இப்போது முத்தையாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். தலைக்கு வைக்கும் சும்மாடு, ஒரு சிவப்புக் கட்டம் போட்ட துண்டு, எப்போதும் தோளிலோ தலையிலோ இருக்கும். வலது நெஞ்சின் மேல்பக்கம் காசநோய். கார்த்திகையில் மருந்து தொடங்கினார். மாசி மாதம் எடுத்த படத்தில் அந்த வெள்ளை மறு, நோய் பிடித்த இடத்தின் கறை, பாதியாகக் குறைந்திருந்தது. பங்குனியில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது, பெண்சாதியின் தாய்வீட்டில், வீரகேரளம்புதூரில்.

மாமியார் கண்டிப்பானவர். படத்தில் நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லுகிற வரைக்கும் குழந்தையைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதில் தப்பும் இல்லை. முத்தையா ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ் ஏறிப் போய்த் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நிற்பார். மாமியார் வாசலில் நின்று குழந்தையைத் தூக்கிக் காட்டுவார். பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். மூன்று மாதம் இப்படி. ஒவ்வொரு தடவை மருந்து வாங்க வரும்போதும் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்பார்: "பிள்ளையத் தூக்கலாமா சார்?" ஆனி மாதப் படத்தில் தெரிந்துவிடும் என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்வேன்.

ஆனி மாதம் அவர் படத்துக்கு வருவதாக இருந்த அன்றைக்கு அருவியில் முதல் தண்ணீர் விழுந்தது.

குற்றாலத்தை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு முதல் தண்ணீர் என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. மலை இருட்டிக்கொண்டு நிற்கும், காற்றில் தூறல் பறக்கும், ஊரே துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பும். காலை ஐந்து மணிக்கு அண்ணாச்சி சைக்கிளில் வந்து நின்றார், நான் பின்னால் ஏறிக்கொண்டேன். தண்ணீர் தோளில் விழுந்த அந்த நிமிஷத்தில் எனக்கு வேலை, வெட்டி எதுவும் ஞாபகமில்லை. ஒரு தடவை குளித்துவிட்டு வெளியே வந்து, பஜ்ஜி தின்றுவிட்டு, மறுபடியும் போய் நின்றோம். ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது மணி ஒன்பதரை. வராந்தாவில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் தலையில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

படியைப் படம் எடுக்க நேரம் இல்லை. இல்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். அருவியில் தண்ணீர் விழுந்தாகிவிட்டது, இனி மின்சாரத்துக்கு என்ன குறை என்று எங்கள் சாஸ்திரம் சொன்னது. மீட்டரைப் பார்த்தேன், ஊசி நன்றாகவே இறங்கியிருந்தது. அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். மலையில் மழை பெய்தாலும் கீழே தோட்டங்களில் ஒரு பொட்டுத் தூறல் இல்லை, நாற்றங்காலுக்கு எல்லா மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தன. நான் குமிழைக் கடைசி எண் வரைக்கும் திருகி ஊசியைச் சிவப்புக் கோட்டில் நிறுத்தினேன். சுவரில் அன்றைய இடம் காலியாக இருந்தால் டாக்டரம்மா கேட்பார். அதனால் பெட்டியில் கிடந்த ஒரு பழைய பட்டையை எடுத்து, அன்றைய தேதியை எழுதி, தொங்கவிட்டேன். என் வேலைக்காலத்தில் நான் செய்த ஒரே பொய் வேலை அது. செய்யும்போது சீட்டியடித்துக்கொண்டே செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முத்தையா ஏழாவது ஆள். சட்டையைக் கழற்றி, நெஞ்சைப் பலகையில் ஒட்டி நின்றார். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன், பொத்தானை அழுத்தினேன். அண்ணாச்சி பிலிமைக் கழுவிக் கொண்டுவந்து, "லேசா வெளுப்பா இருக்குல்லா" என்றார். சாரலில் டெவலப்பர் குளிர்ந்திருக்கும் என்றேன். அவரும் பஜ்ஜி தின்ற சந்தோஷத்தில் இருந்தார், மேற்கொண்டு கேட்கவில்லை.

மத்தியானம் டாக்டரம்மா கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். மாசிப் படத்தையும் ஆனிப் படத்தையும் தலைகீழாக மாட்டினார். பிறகு நேராக மாட்டினார். பிறகு மறுபடியும் தலைகீழாக. எக்ஸ்ரே குறைவாகப் பாய்ந்தால் படம் வெளுக்கும், வெளுத்த படத்தில் நல்ல நெஞ்சும் மேகம் மூடிய மாதிரி தெரியும். முத்தையாவின் மறு குறையவில்லை, பெரிதாகியிருந்தது.

"சளியில கிருமி இல்லைன்னு வந்திருக்கு. படம் நோய் கூடியிருக்குன்னு சொல்லுது. இன்னைக்குப் படி பாத்தீங்களா?"

"பாத்தாச்சு டாக்டர்."

அவர் சுவரைப் பார்த்தார். தேதி எழுதிய பட்டை தொங்கிக்கொண்டிருந்தது. மாசிப் பட்டையோடு அப்படியே ஒத்துப்போனது. மாசியில் எடுத்த பட்டையாகவே இருக்கக்கூடும். அவர் பேனாவை எடுத்தார். நோய் மருந்துக்குக் கேட்கவில்லை, வெளியூரில் உள்ள காசநோய் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும், ஆறு மாதமாவது அங்கே இருக்க வேண்டும் என்று கடிதம் எழுதத் தொடங்கினார். முத்தையாவிடம் பக்குவமாகச் சொல்லி உட்கார வைக்கும்படி என்னை அனுப்பினார்.

வராந்தாவில் அவர் சும்மாட்டை மடியில் வைத்து நாலாக மடித்துக்கொண்டிருந்தார். நான் பாதி சொல்லும்போதே புரிந்துகொண்டார்.

"ஆறு மாசம்னா அதுக்குள்ள பிள்ள நடக்க ஆரம்பிச்சிரும், என்ன சார்? எங்க சந்தையில நூறு கிலோ மூட்டைய ஒத்தையா தூக்குதவன் நாந்தான். இந்த அஞ்சு கிலோவத்தான் தூக்க முடியல" என்றார். பிறகு என் தலையைப் பார்த்தார். "அருவியில தண்ணி விழுதாக்கும். நல்லா குளிச்சியளா?"

அதை அவர் நிஜமான பிரியத்தோடுதான் கேட்டார். அதுதான் என்னைக் கொன்றது. உள்ளே திரும்பிப் போனேன். டாக்டரம்மா கடிதத்தின் கடைசி வரியில் இருந்தார். படி எடுக்கவில்லை, குளிக்கப் போனேன், சுவரில் தொங்குவது பழைய பட்டை, தேதி மட்டும் புதுசு என்று மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டேன். "சண்முகவேல் அவர்களே" என்பதற்காகக் காத்திருந்தேன். அவர் பேனாவை மூடி, கடிதத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"சண்முகம், இப்போ படிய வச்சு ஒண்ணு எடுங்க" என்றார். அவ்வளவுதான்.

எடுத்தேன். ஊசி சிவப்புக் கோட்டிலேயே நின்றது. பட்டையோ இரண்டு படி வெளுத்திருந்தது. அப்போதுதான் அவர் முன்பு சொன்னதன் பொருள் விளங்கியது. ஊசி காட்டுவது பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய நிலைமை. அழுத்தினதும் எந்திரம் ஒரே மடக்கில் மின்சாரத்தைக் குடிக்கும். வழியெல்லாம் மோட்டார்கள் உறிஞ்சுகிற நேரத்தில் அந்த மெல்லிய கம்பியால் அவ்வளவையும் தர முடியாது. அந்தக் கண நேரத்தில் ஊசி விழுந்து எழுந்துவிடும். அப்போது நாம் நோயாளியின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருப்போமே தவிர ஊசியைப் பார்க்க மாட்டோம். படிக்கு மட்டும்தான் அது தெரியும்.

இன்னும் ஏற்றலாம் என்றால் குமிழ் கடைசி எண்ணில் நின்றது. நேரத்தைக் கூட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். டாக்டரம்மா சம்மதிக்கவில்லை. "படி மேல எத்தனை தடவை வேணும்னாலும் சோதிச்சுக்கலாம். ஆள் மேல சோதிக்கக் கூடாது. மாசியில எப்படி எடுத்தோமோ அப்படியே ஒரே ஒரு படம் வேணும்." மாசி மாதம் அறுவடைக் காலம், மோட்டார்கள் ஓய்ந்திருந்தன. இப்போது அவை ஓயக் குறைந்தது ஒரு மாதம் ஆகும்.

வழி சொன்னவர் அண்ணாச்சி. இருட்டறைக் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டி, "நம்ம கம்பியில கிடக்க மோட்டார் மொத்தம் பதினாலு. அத்தன பேரும் கத்தரிக்காயும் வெண்டக்காயும் போடுதது பாவூர்சத்திரத்துல. மூட்டைய இறக்குதது யாரு? இந்த முத்தையாதான். அரை மணி நேரம் நிப்பாட்டச் சொன்னா மாட்டேன்னா சொல்லுவான்" என்றார்.

படம் கெட்டது என் தப்பு, நாளைக்கு மறுபடி எடுக்கிறோம் என்று முத்தையாவிடம் போய்ச் சொன்னேன். மறுநாள் விடிகாலைச் சந்தையில் அவருடைய கூட்டாளிகள் மூட்டை இறக்கும்போதே ஒவ்வொரு தோட்டக்காரரிடமும் சொல்லிவிட்டார்கள். பதினொரு மணி வாக்கில் செங்கோட்டைக்குப் போகும் பாசஞ்சர் வண்டி ஊதும், ஊதினதும் மோட்டாரை நிறுத்த வேண்டும், அரை மணி கழித்துப் போட்டுக்கொள்ளலாம். ஒருத்தர்கூட மறுக்கவில்லையாம். ஒருத்தர் மட்டும், அரை மணி போதுமா, வேண்டுமானால் மத்தியானம் வரைக்கும் நிறுத்துகிறேன் என்றாராம்.

பத்தே முக்காலுக்கு டாக்டரம்மா, நான், அண்ணாச்சி மூவரும் மீட்டரைச் சுற்றி நின்றோம். முத்தையா சட்டையைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பதினொன்று அடித்தது. வண்டி வரவில்லை. பதினொன்றே கால் ஆயிற்று. அண்ணாச்சி ஜன்னலுக்கும் மீட்டருக்கும் நடந்துகொண்டிருந்தார். கடைசியில் தூரத்தில் ஊதல் கேட்டது.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஊசி ஒரு நூல் ஏறியது. "மேலக்கிணறு" என்றார் அண்ணாச்சி. இன்னொரு நூல். "வாத்தியார் தோட்டம்." அவர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர், எது யாருடைய மோட்டார் என்று காற்றில் வரும் சத்தத்தை வைத்தே சொல்வார். வெளியே ஒவ்வொரு சத்தமாக அடங்க அடங்க, உள்ளே ஊசி படிப்படியாக ஏறியது. நான் குமிழை ஒவ்வொரு எண்ணாகக் கீழே இறக்கிக்கொண்டே வந்தேன். அடங்கிய மோட்டார்களை அண்ணாச்சி எண்ணினார்: பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. அதற்கு மேல் நகரவில்லை.

"பதினாலாவது நம்ம பொன்னையா பெரியவருதான். அவருக்குக் காது கேக்காது. ரயில் ஊதுனது எங்க கேட்டிருக்கும்" என்றார் அண்ணாச்சி. அடுத்த நிமிஷம் அவருடைய சைக்கிள் சாலையில் பறந்தது. அறுபதை நெருங்கிய மனுஷன் அப்படி மிதித்து நான் முன்னும் பின்னும் பார்த்ததில்லை. டாக்டரம்மா சிரித்துவிட்டார். அவர் பல் தெரியச் சிரித்ததும் அன்றைக்குத்தான்.

பதினாலாவது நூலும் ஏறியது. முதலில் படியை மட்டும் வைத்து ஒன்று எடுத்தேன். அண்ணாச்சி மூச்சு வாங்க ஓடிவந்து கழுவிக் கொடுத்தார். ஈரத்தோடு மாசிப் பட்டைக்குப் பக்கத்தில் பிடித்தோம். கட்டத்துக்குக் கட்டம் ஒத்தது. பிறகு முத்தையாவைப் பலகையில் நிறுத்தி, பிலிமின் ஓரத்தில் அவர் தோளுக்கு மேலே படியையும் ஒட்டிவைத்து எடுக்கச் சொன்னார் டாக்டரம்மா. ஒவ்வொரு படமும் தன் சாட்சியைத் தன்னோடு வைத்துக்கொள்ளட்டும் என்றார். அன்றிலிருந்து நான் ஓய்வு பெறும் வரை எடுத்த நெஞ்சுப் படங்கள் எல்லாவற்றிலும் ஓரத்தில் அந்தப் படிக்கட்டு உண்டு. எண்பதுகளில் ஸ்டெபிலைசர் வந்த பிறகும் நான் அதை விடவில்லை.

கடிகாரம் மேஜைக்குப் போனது. படம் தலைகீழாக ஏறியது. அவர் பார்த்தார். திருப்பினார். மறு இருந்த இடத்தில் ஆறிய தழும்பாக மெல்லிய ஒரு கோடு, அவ்வளவுதான். ஓரத்தில் பத்துப் படிகளும் இருக்க வேண்டிய நிறத்தில் இருந்தன.

"மதி" என்றார். பிறகு கதவைத் திறந்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த முத்தையாவைப் பார்த்துச் சொன்னார்: "தூக்கலாம்."

முந்தைய நாள் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டார். நான் தேதி மாற்றித் தொங்கவிட்ட பட்டையைக் கழற்றப் போனேன். "அதை எடுக்க வேண்டாம். அது அங்கனயே தொங்கட்டும்" என்றார். அறைக்கு வெள்ளையடிக்கும் வரைக்கும் ஒன்றரை வருஷம் அது என் கண் எதிரிலேயே தொங்கியது. அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று அதற்குப் பிறகும் ஜன்னலில் கேட்டார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்கும் சொல்லுங்கள் என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் முத்தையா பெண்சாதியோடும் மாமியாரோடும் வந்தார். டாக்டரம்மா வாயால் ஒரு தடவை கேட்டுக்கொள்ள வேண்டும் என்று மாமியார் சொல்லிவிட்டாராம். கேட்டுக்கொண்டார். பிறகு வராந்தாவில் வைத்துக் குழந்தையை நீட்டினார். முத்தையாவுக்கு வாங்கத் தெரியவில்லை. மூட்டையை முதுகில் வாங்குகிறவர் மாதிரி ஒரு கணம் திரும்பி நின்றுவிட்டார், எல்லோரும் சிரித்தோம். பிறகு சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்தார். தலையிலிருந்த சும்மாட்டை எடுத்து உதறினார், வட்டமாகச் சுருட்டி இடது கையில் வைத்தார், அதன்மேல் குழந்தையின் தலை வரும்படி வாங்கிக்கொண்டார்.

குழந்தை அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு நிதானமாக மூத்திரம் போனது. துண்டு நனைந்து அவர் வேட்டியில் வடிந்தது. மாமியார் பதறிக்கொண்டு துண்டை உருவி அலசப் போனார். முத்தையா விடவில்லை.

"இருக்கட்டும் அத்த. இது பிள்ளைக்கு ஆச்சு. மூட்டை தூக்க நான் வேற துண்டு வச்சுக்கிடுதேன்" என்றார்.